இயந்திரத்திடம் ஒரு சிபாரிசு

சிபாரிசு மாமாவுக்கு ஏஐ என்றாலே வயிற்றெரிச்சல். இந்த ஊரில் பாதிப் பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது தான்தான் என்று சொல்லிக்கொள்வார். அதில் கால்வாசி உண்மையும் உண்டு. எந்த ஆபீசிலும் அவருக்குத் தெரிந்த ஆள் ஒருவர் இருப்பார். ஒரு போன், ஒரு சிரிப்பு, ‘நம்ம பையன்தான், பார்த்துக்கங்க’ என்று ஒரு வார்த்தை, காரியம் முடிந்துவிடும். இப்போது எங்கே போய்க் கேட்டாலும், ‘ஆள் எடுக்கறது மெஷின் சார், எங்க கையில ஒண்ணுமில்ல’ என்று கையை விரிக்கிறார்கள்.

அவருடைய அக்கா மகளுக்கோ அந்த மெஷின் மேல் தனிப் பிரியம். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள், மறுபடி தேடிக் கிளம்பியபோது மனிதர்கள்தான் அவளைப் பாடாய்ப் படுத்தினார்கள். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள், வீட்டுக்காரர் சம்மதித்தாரா என்று குடைந்தார்கள். ஒரு பெரிய மனிதர் அடுத்த குழந்தை எப்போது என்றே கேட்டுவிட்டார். மெஷின் அப்படியெல்லாம் வம்பு விசாரிக்காது என்று தோழி சொன்னதும் அவளுக்குப் பாதிப் பயம் போயிற்று.

வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றின் புகார் பிரிவுக்கு ஆள் தேவை. முதல் இன்டர்வியூவை ஏஐ எடுக்கும். தேறினால் மேனேஜரைப் பார்க்கலாம். இன்டர்வியூ அன்று காலை கணவன் குழந்தையைப் பூங்காவுக்குத் தூக்கிப் போய்விட்டான். அவள் படுக்கையறையில் இஸ்திரி மேசை மேல் லேப்டாப்பை வைத்து, பின்னால் தொங்கிய துண்டுகளை உருவிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். வாசல் மணி அடித்தது. மாமா.

“உங்கம்மா சொன்னா, இன்னிக்கு இன்டர்வியூவாமே. நான் ஒரு வார்த்த பேசிடறேன்.”

“யார்கிட்ட மாமா பேசுவீங்க? அங்க மனுஷங்களே இல்ல.”

“இல்லாம? பின்னாடி எவனாவது ஒருத்தன் உக்காந்திருப்பான்.”

“ஹால்ல சத்தம் போடாம உக்காருங்க. முடிஞ்சதும் காபி தரேன்.”

“மூச்சுகூட விடமாட்டேன்,” என்றார் மாமா.

இன்டர்வியூ நன்றாகத்தான் போனது. குழைவான ஒரு பெண் குரல் கேள்வி கேட்டது. அவளும் தடங்கலில்லாமல் பதில் சொன்னாள். கடைசியாக அந்தக் குரல், “கோபமாக இருக்கும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள்? விளக்க வேண்டாம், பேசிக் காட்டுங்கள்,” என்றது.

அவள் தொண்டையைச் செருமினாள். அந்த ஒரு நொடித் தயக்கத்தை மாமாவால் பொறுக்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து லேப்டாப்பைப் பார்த்துச் சீறினார்.

“என்ன கேள்வி இதெல்லாம்? உனக்கு மேல அதிகாரி யாரு? அவர்கிட்ட லைனக் குடு.”

கத்தினால் தன் குரல் பதிவாகும். லேப்டாப்பை மூடினால் வேலை போச்சு. வேறு வழியில்லாமல் மாமாவின் பக்கம் திரும்பி, தேன் தடவிய குரலில் பேசினாள்.

“நீங்க கோவப்படறதுல நியாயம் இருக்கு. என்ன ஆச்சுன்னு சொல்லுங்க.”

“என்ன ஆச்சா? முன்னெல்லாம் ஒரு ஆள் இருந்தாரு, முகத்தப் பார்த்துப் பேசினோம். இப்ப யார்கிட்ட போய் நிக்கறதுன்னே தெரியல. எத்தன வருஷப் பழக்கம். ஒரு மரியாத வேண்டாமா?”

“கண்டிப்பா வேணும். உங்கள மதிக்காம விட்டது தப்புதான்.”

மாமா திகைத்துப்போனார். இதை அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. “அது… அப்படி ஒருத்தரும் சொல்லலியேம்மா,” என்றார். அவளுக்கும் ஒரு கணம் நடிப்பு மறந்துவிட்டது.

“நான் சொல்றேன். வெளில உக்காருங்க. இத முடிச்சுட்டு நானே வந்து பேசறேன்.”

“சரி. நீ சொல்றதால போறேன்.” போகிற போக்கில் லேப்டாப்பின் முன் குனிந்து, “நல்ல பொண்ணு. பார்த்துக்கங்க,” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

திரை சற்று நேரம் யோசித்தது. “சிறப்பான செயல்விளக்கம். நன்றி,” என்றது குரல்.

மறு வாரம் மேனேஜரின் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி மதிப்பெண்ணைப் பார்த்தார்.

“மிகக் கடுமையான வாடிக்கையாளரைத் திருப்தியோட அனுப்பினீங்கன்னு போட்டிருக்கு. உங்ககூட நடிச்சது யாரு?”

யாரோ தெரிந்தவர் என்று மழுப்பிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பின்னால் குட்டு வெளிப்பட்டால் மானம் போகும். “அது நடிப்பு இல்ல மேடம். எங்க மாமா. சிபாரிசு பண்ண வந்தாரு,” என்றாள்.

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். “நீங்க பதிவக் கேக்கலியா மேடம்?” என்று அவளே கேட்டுவிட்டு, தப்பாகிவிட்டதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“யாரு கேக்கறா? மார்க்க மட்டும்தான் பார்ப்போம்,” என்ற மேனேஜர், அப்போதுதான் பதிவைப் போட்டுக் கேட்டார். பாதியில் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில், “வாடிக்கையாளராவது போன வெச்சுட்டுப் போயிடுவாங்க. சொந்தக்காரங்கள அப்படி அனுப்ப முடியாதே. திங்கக்கிழமை வந்துடுங்க,” என்றார்.

செய்தி தெரிந்ததும் மாமா தெருவையே இரண்டாக்கிவிட்டார். “மனுஷன்கிட்ட பேசறது எவனும் செய்வான். நான் மெஷின்கிட்டயே பேசி வாங்கிக் குடுத்திருக்கேன்.” பிறகென்ன, அதே கம்பெனிக்கு விண்ணப்பித்த தன் மகனுக்காகத் தையல்காரர் வந்தார், மருந்துக்கடைக்காரர் மருமகளுக்காக வந்தார். மாமா ஒவ்வொரு வீட்டு லேப்டாப்பின் முன்னும் குனிந்து ‘பார்த்துக்கங்க’ என்று சொல்லத் தொடங்கினார். ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை. அவள் விஷயத்துக்குப் பிறகு பதிவுகளையும் கேட்கத் தொடங்கிய கம்பெனியில்தான் தலைவலி கூடியது: எந்தப் பதிவைப் போட்டாலும் அதே மனிதர், அதே கனைப்பு.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, விண்ணப்பதாரர்களுக்கு ஒரு புதிய அறிவிப்பை எழுதித் தரச் சொன்னார். அவளும் பதவிசாக எழுதினாள்: ‘இன்டர்வியூவின்போது அறையில் உறவினர் எவரும் இருக்கக் கூடாது, குறிப்பாக மாமா.’ கடைசி இரண்டு வார்த்தைகளை மேனேஜர் அடித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா அந்த அறிவிப்பு வந்த செல்போனை நீட்டிக்கொண்டு வந்தார். “பார்த்தியா இத? உள்ள எவனோ எனக்கு வேண்டாதவன் இருக்கான். யாருன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லு.”

“விசாரிக்கறேன் மாமா,” என்று முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொல்லிவிட்டு, அவள் காபி போட எழுந்தாள்.