எவ்வளவு நேரம் ஆகும்

அந்த வரியை அடித்து என்டரைத் தட்டியபோது பொற்கொடியின் வாயில் பாதித் தேங்காய் பன் இருந்தது. மதியம் சாப்பிடப் போக நேரமில்லை என்று கீழே பேக்கரியில் வாங்கி வந்தது. பீளமேட்டில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி அந்த பேக்கரியின் மாடியில்தான் இருக்கிறது. சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுப்பவர்கள். மொத்தமே பத்துப் பேர். அதில் டேட்டாபேஸ் பக்கம் எட்டிப் பார்க்கிறவள் இவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் பட்டனுக்கு என்ன நிறம் வைப்பது என்று சண்டை போடுகிற கூட்டம் என்பது அவளுடைய அபிப்பிராயம். வெளியே சொன்னதில்லை.

கொஞ்ச நாளாகவே வெள்ளகோவிலில் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்துகொண்டிருந்தது. நோயாளியின் பெயரைத் தட்டினால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறதாம். அங்கே ஊசி போடும் அறையின் நர்ஸ் மெர்சி, குரலை உயர்த்தவே தெரியாத பெண், "மேடம், பேரை அடிச்சுபோட்டுப் போயி ஒரு டீ குடிச்சுட்டு வந்தாலும் சுத்திட்டேதானுங்க இருக்குது" என்று போனில் சொன்னாள். கொங்குப் பக்கத்தில் ஒருவர் இவ்வளவு மரியாதையாகக் குறை சொன்னால், உள்ளுக்குள் நன்றாகவே கொதித்துப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

பொற்கொடி தோண்டிப் பார்த்தாள். எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்று பதிந்து வைக்கிற அட்டவணை ஒன்று உண்டு. அதில் ஒருவருடைய பெயர் இருந்தால் திரையில் சிவப்புப் பட்டை வரும். வந்தால் நர்ஸ் ஊசியை எடுக்கமாட்டாள். வரவேற்பில் இருப்பவர்கள் ஒரே ஆளுக்கு, அவர் வருகிற ஒவ்வொரு தடவையும், அதையே திரும்பத் திரும்பப் பதிந்து வைத்திருந்தார்கள். அட்டவணை வீங்கிக் கிடந்தது. திரை சுற்றுவதற்கு அதுதான் காரணம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரட்டிப்பாக இருப்பதை எல்லாம் அழித்துவிடலாம் என்றாள். முதலாளி சீனிவாசலு தலையாட்டினார்.

"எவ்வளவு நேரம் ஆகும்னு மட்டும் அளந்து சொல்லீரு அம்மணி. அத்தனை நேரம் நிறுத்தி வைக்கோணும்னா அவங்க கேப்பாங்க."

அளப்பது அவளுக்குப் பிடித்த வேலை. டேட்டாபேஸிடம் கேட்கிற கேள்விக்கு முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் என்று ஒரு வார்த்தை போட்டால், அது வேலையைத் தொடாமல், இதை இப்படிச் செய்வேன், இவ்வளவு பாடு ஆகும் என்று உத்தேசமாகச் சொல்லும். கூடவே அனலைஸ் என்று இன்னொரு வார்த்தையைச் சேர்த்தால் உத்தேசம் கிடையாது. செய்தே பார்த்து, ஆன நேரத்தைச் சொல்லும். தேடிப் பார்க்கிற கேள்விகளுக்கு இதில் ஒரு கெடுதலும் இல்லை. தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்து நேரத்தைச் சொல்லிவிட்டுப் போகும். நாள் முழுக்க அந்த இரண்டு வார்த்தைகளையும் சேர்த்தே அடித்து அடித்து, அவள் விரல்களுக்கு அது ஒரே வார்த்தையாகிவிட்டது. இன்றைக்கு அதற்குப் பின்னால் அவள் எழுதியது தேடுகிற கேள்வி இல்லை, அழிக்கிற கேள்வி.

அதையும் கெட்டிக்காரத்தனமாக எழுதியிருந்தாள். எது இரட்டிப்பு, எது அசல் என்று பிரிக்கிற நிபந்தனையை ஞாயிற்றுக்கிழமை எழுதிக்கொள்ளலாம், இப்போது அளக்கத்தானே போகிறோம். எல்லாவற்றையும் அழித்தால் எவ்வளவு நேரம் என்று தெரிந்துவிட்டால், பாதியை அழிக்க அதற்குள்தான் ஆகும். இப்படி யோசித்து, இன்றைக்கு முந்தைய எல்லாவற்றையும் என்று போட்டாள். தன்னுடைய மெஷினில் இருக்கும் மாதிரித் தகவல் கொசுறு அளவு, அதில் அளந்தால் சரியாக வராது என்று, ஆஸ்பத்திரியில் ஓடிக்கொண்டிருக்கும் நிஜ டேட்டாபேஸிலேயே அளந்தாள்.

விடை வந்தது. மூன்று நொடிகூட ஆகவில்லை. பரவாயில்லையே என்று பொற்கொடி சந்தோஷப்பட்டாள், உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். சீனிவாசலுவுக்கு அனுப்ப அந்த எண்ணைக் காப்பி எடுக்கப் போனபோதுதான் அதற்கு முன்னால் இருந்த வார்த்தையைக் கண் பார்த்தது. ஆக்சுவல். தினமும் நூறு தடவை பார்க்கிற வார்த்தைதான். இன்றைக்கு அதற்கு அர்த்தம், அளந்தது மட்டும் இல்லை, நிஜமாகவே அழித்து முடித்தாகிவிட்டது என்பது.

அட்டவணையில் எத்தனை வரி இருக்கிறது என்று கேட்டாள். ஏழு என்று வந்தது. இன்றைக்குக் காலையிலிருந்து வரவேற்பில் பதிந்த ஏழு. மறுபடி கேட்டாள். டேட்டாபேஸ் பொய் சொல்லாது, ஆனாலும் மூன்றாவது தடவையும் கேட்டாள். அந்த வரிக்கு முன்னால் ஒரு வார்த்தை, பின்னால் ஒரு வார்த்தை போட்டிருந்தால் செய்ததை அப்படியே திருப்பிக்கொண்டிருக்கலாம். அது அவளுக்குத் தெரியாததும் இல்லை. வாயில் இருந்த பன்னைக் காகிதத்தில் துப்பினாள்.

அப்போது போன் அடித்தது. மெர்சி.

"மேடம், என்னுங்க பண்ணுனீங்க? பேரை அடிச்சா சல்லுனு வருதுங்க. அடிக்கறதுக்கு முன்னாடியே வந்துரும்போல. டாக்டரே கேட்டாருங்க, என்ன சிஸ்டர் இன்னிக்குக் கூட்டம் இப்படிக் கரையுதுன்னு. ரொம்பத் தேங்க்ஸுங்க."

வேகமாக வராமல் என்ன செய்யும், எடுத்துக் காட்டத்தான் ஒன்றும் இல்லையே. பொற்கொடி வாயைத் திறந்தாள். சொல்லவேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அது வரவில்லை. "சரிங்க சிஸ்டர்" என்றுதான் வந்தது. மெர்சி வைத்துவிட்டாள். கூட்டம் கரைகிறது என்றால் ஊசிகள் வேகமாகப் போகின்றன என்று அர்த்தம் என்பது போன் அணைந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சீனிவாசலு யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே போய் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் பேசிக்கொண்டிருந்தவரிடம் அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தார். சொல்லி முடிக்க அவளுக்கு ரொம்ப நேரமாகவில்லை. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நேத்து ராத்திரி பேக்கப் இருக்குதல்லோ?"

"இருக்குதுங்க சார். எறக்கி, திரும்ப ஏத்தறதுக்கு முக்கால் மணி நேரமாவது ஆகுமுங்க."

"அப்பறமென்ன. பதறாத கண்ணு. போயி எறக்கி ஏத்து. ஏத்திபோட்டா முடிஞ்சது. நடந்ததே யாருக்கும் தெரியப் போறதில்லை."

"அதுக்குள்ள யாருக்காச்சும் ஊசி போட்டாங்கன்னா?"

அவர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மறுபடி மூடினார். "எல்லாருக்குமா மருந்து ஆகாம போயிருது? ஆயிரத்துல ஒருத்தருக்கு."

"அந்த ஒருத்தரோட பேருதானுங்க சார் நான் அழிச்ச அந்த லிஸ்ட்டுல இருந்துச்சு."

ஆஸ்பத்திரிக்குச் சொன்னால் இந்த ஒரு இடம் போவதோடு நிற்காது, காங்கயம் வரைக்கும் டாக்டர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொந்தம், கம்பெனியை இழுத்து மூடவேண்டியதுதான் என்று மெதுவான குரலில் சொன்னார். பத்துக் குடும்பம் என்றார். அவளை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவருக்கே பயம்.

திரும்பி வந்து, நேற்று ராத்திரி நகலெடுத்து வைத்த பேக்கப்பை இறக்கப் போட்டாள். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காட்டும் பச்சைக் கோடு நகருகிறதா இல்லையா என்றே தெரியாத அளவில் நகர்ந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அந்த ஊசி அறை ஞாபகத்துக்கு வந்தது. போன வருஷம் மென்பொருளை வைத்துக்கொடுக்கப் போனவள் அங்கே அரை நாள் நின்றிருக்கிறாள். பச்சைத் துணித் திரை, இரும்புக் கட்டில், சுவரை ஒட்டி பெஞ்சில் வரிசையாக ஆட்கள். அதுவரை நர்ஸுகள் ஒவ்வொருவரிடமும், முன்னால் எந்த ஊசிக்காவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டு, கையில் துளி மருந்து ஏற்றித் தடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். பொற்கொடிதான் பெருமையாகச் சொன்னாள், பழைய பேஷண்ட்டுகளுக்கு இனிமேல் அந்தப் பாடெல்லாம் வேண்டாம், சிவப்பு வந்தால் போடாதீர்கள், வராவிட்டால் தைரியமாகப் போடுங்கள் என்று. எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள்.

ஆகாத மருந்து உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று அவள் படித்திருக்கிறாள். அட்டவணையை வடிவமைத்தபோது படித்தது. முதலில் உள்ளங்கை அரிக்கும். உதடு தடிக்கும். அப்புறம் தொண்டை அடைத்துக்கொண்டு வரும். எல்லாம் சில நிமிஷங்களில். அப்போது அவளுக்கு அதெல்லாம் வெறும் எழுத்தில் இருந்த தகவல்.

மெர்சியின் செல்போனுக்கு அடித்தாள். அடித்துக்கொண்டே போய் நின்றது. டியூட்டி நேரத்தில் அவர்கள் அதை லாக்கரில் வைத்துவிடுவார்கள். ஊசி அறை மேஜையில் இருக்கும் போனுக்கு அடித்தாள், பிஸி. மறுபடி பிஸி. வரவேற்பில் எடுத்த பெண், "லைன்லயே இருங்க மேடம்" என்று போனதோடு சரி, பாட்டுத்தான் ஓடியது. பச்சைக் கோடு பாதிக்குக்கூட வரவில்லை. அங்கே பெஞ்சில் யார் உட்கார்ந்திருப்பார்கள், அடுத்து யார் எழுந்திருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை.

பிறகு அவள் செய்தது யோசித்துச் செய்தது என்று சொல்ல முடியாது. வெள்ளகோவில் ஆஸ்பத்திரியில் ஓடிக்கொண்டிருந்த மென்பொருளை இங்கிருந்தே மொத்தமாக நிறுத்தினாள். அங்கே எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் செத்துப்போயிருக்கும். பெயர் வராது, ஒன்றுமே வராது. ஒன்றுமே வராவிட்டால் மெர்சி ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிடுவாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சீனிவாசலு எழுந்து நின்று அவளையே பார்த்தார். அவர் திரையிலும் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்திருக்க வேண்டும். அவள் திரும்பவில்லை.

போன் அடித்தது. ஊசி அறை நம்பர்.

"மேடம், நல்லா வந்துட்டு இருந்துச்சுங்களே, டக்குனு நின்னுபோச்சு. இங்க பெஞ்சு பூரா ஆளுங்க..."

"சிஸ்டர், யாருக்கும் ஊசி போடாதீங்க." குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "ஆகாத மருந்து வெவரம் பூராத்தையும் நான் அழிச்சுபோட்டேனுங்க. தெரியாம அழிச்சுபோட்டேன். மத்தியானத்துல இருந்து சிவப்பு வராதது நெசமில்லீங்க. மருந்து ஆகாதவங்களுக்கும் வந்திருக்காது. யார் யாருக்குப் போட்டீங்களோ அவங்களைப் போயிப் பாருங்க. இப்பவே பாருங்க சிஸ்டர்."

அந்தப் பக்கம் மெர்சி எதையோ மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது.

"ஒரு அம்மாவுக்கு இப்பத்தானுங்க..." என்றாள் மெர்சி. "அவங்க வந்து, எனக்கு ஏதோ ஒண்ணு ஆகாதுன்னு சொன்னாங்கதானுங்க. நாந்தான், கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லீங்க, பயப்படாதீங்கன்னு..."

போனை மேஜையில் போட்ட சத்தம். செருப்புச் சத்தம் வேகமாகப் போனது. துணித் திரையின் வளையங்கள் கம்பியில் கரகரவென்று இழுபட்டன. யாரோ டாக்டரைக் கூப்பிட்டார்கள். இன்னொரு செருப்புச் சத்தம் ஓடியது. தட்டு ஒன்று கீழே விழுந்து உருண்டது. பொற்கொடி போனைக் காதோடு அழுத்தி, இன்னொரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு கேட்டது எல்லாம் வெறும் பேச்சுச் சத்தம். வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை.

பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். போனை எடுக்கிற சத்தம்.

"ஏனுங்க." வயசான ஓர் ஆணின் குரல். "சிஸ்டரு போனைப் போட்டுபோட்டு உள்ள ஓடிட்டாங்க. நீங்க டாக்டரம்மாங்களா?"

"இல்லீங்க."

"என்ற சம்சாரத்துக்குத்தானுங்க இப்ப ஊசி போட்டாங்க. என்னைய வெளிய பெஞ்சுல உக்காரச் சொன்னாங்க. இப்ப எல்லாரும் அந்தத் திரைக்குள்ளயே போறாங்க. நான் உள்ள போலாமுங்களா, போகக்கூடாதுங்களா?"

அவர் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அனுமதி கேட்டுவிட்டு, அவள் சொல்கிற வரைக்கும் நிற்கலாம் என்று நின்றார். அவர் மனைவிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் இப்போது தான்தான் என்று பொற்கொடிக்குத் தோன்றியது. தெரிந்தும் என்ன பிரயோஜனம்.

"போங்க" என்றாள். "உள்ள போங்க. அவங்க கையைப் புடிச்சுட்டுப் பக்கத்துலயே நில்லுங்க. யாரு போகச் சொன்னாலும் போகாதீங்க."

"சரிங்க அம்மணி. ரொம்ப சந்தோசமுங்க. வெச்சுர்றேனுங்க."

"வைக்காதீங்க" என்று அவள் சொல்வதற்குள் அவர் போனை எடுத்த இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டார்.

திரும்ப அடித்தாள். மணி போனது. எடுக்க அங்கே யாரும் இல்லை. நிறுத்திவிட்டு, ஒருவேளை அவர்கள் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள். சீனிவாசலு எப்போது வெளியே வந்தார் என்று தெரியவில்லை. அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து, முதுகுப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ கேட்டார். அந்த நேரம் பார்த்து, இறங்குகிற விமானம் ஒன்று கட்டிடத்துக்கு மேலே தாழ்வாக வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த இரைச்சலில் போன் அடித்தால் கேட்காமல் போய்விடுமே என்று பயந்து, பொற்கொடி அதை இரண்டு கைகளாலும் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இருண்டு கிடந்த அதன் திரையையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.