முப்பது அடி உயரத்தில் அறுபத்து மூன்று நாள்

புது வாத்தியார் தம் முதல் மாணவியோடு தரையிறங்க வந்த இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம், செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, ஓடுபாதைக்கு முப்பது அடி மேலே நின்றுவிட்டது. விழவில்லை, நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, எரிபொருள் முள் மட்டும் அசையவில்லை. மற்ற விமானங்களைப் புல்தரைப் பாதைக்கு மாற்றிவிட்டார்கள்.

பயிற்சியாளர் உரிமம் வாங்கிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது அவருக்கு. அந்தப் பள்ளியில் பயிற்சியாளர்கள் பத்தொன்பது பேர், மாணவர்கள் நான்கு பேர். அந்த நால்வரில் மூவர் படித்ததும் பயிற்சியாளர் ஆவதற்குத்தான். விமான நிறுவனம் வேலை தர ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பறக்க மாணவர் வேண்டும். மாணவர்களோ மூப்பு வரிசைப்படி. வரிசையில் பத்தொன்பதாவதாக இருந்த இவர் தொலைபேசி எடுத்தார், விமானம் கழுவினார். மாமியார் வாரம் தவறாமல் விசாரிப்பார்: "மாப்பிள்ளை பறக்கிறாரா?" மனைவி சொல்வாள்: "நல்லா கழுவுறாரும்மா."

ஓய்வுபெற்ற பல் டாக்டர் அம்மாள் விமானம் ஓட்டிப் பழக வந்தபோது, பத்தொன்பது பேரையும் நிற்க வைத்துக் கையை நீட்டச் சொன்னார். "இந்தத் தம்பி கைதான் சுத்தம்" என்று இவரைக் காட்டினார். மூப்பு வரிசை அன்றைக்கு முதல்முறையாக உடைந்தது.

அந்த முதல் பாடம் முடியப் போகிற நேரத்தில், இறங்கினால் மறுபடி வாளியும் துணியும்தானே என்று அவர் நினைத்தார். அவ்வளவுதான் நினைத்தார். விமானம் நின்றது.

கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து கேட்டார்கள்: "எஞ்சின் ஓடுதா?"

"ஓடுது."

"சக்கரம் தரையில இருக்கா?"

"இல்ல."

"அப்போ உங்க பறந்த மணிக்கணக்கும் ஓடுதுங்க. குடுத்து வச்சவரு."

இந்த நேரம் கணக்கில் சேருமா என்று பள்ளி எழுதிக் கேட்டதற்கு, மூன்று வாரத்தில் விமானத் துறையின் பதிலும் வந்தது. புறப்பட அசைந்த கணம் முதல் இறங்கி நிற்கும் கணம் வரை பறந்த நேரம். நடுவில் அசைந்ததா என்று விதியில் எங்கும் கேட்கப்படவில்லை. ஆக, ஒரு நாளைக்கு இருபத்து நான்கு மணி நேரம். தீயணைப்பு ஏணியில் பல் டாக்டர் காலையில் ஏறிவந்து பாடம் படித்துவிட்டுச் சாயந்திரம் இறங்கிப் போனார். குளிப்பது முதலான காரியங்களுக்கு வாத்தியார் இறங்கி ஏறலாமா என்பது பற்றிய கடிதப் போக்குவரத்து தனிக் கோப்பாக இருக்கிறது. மனைவி சாப்பாட்டுப் பெட்டியோடு ஏணியில் தொங்கியபடி ஒருநாள் கேட்டாள்: "வேலைக்குப் போன மனுஷன் வீட்டுக்கு வரணும்னு உங்க விதிப் புத்தகத்துல ஒரு வரிகூடவா இல்ல?"

"ஆயிரத்து ஐந்நூறு ஆகட்டும், வந்துடறேன்."

அறுபத்து மூன்றாம் நாள் ஆயிரத்து ஐந்நூறு ஆயிற்று. விமான நிறுவனத்து அதிகாரி கழுத்துப்பட்டை காற்றில் முகத்தில் அடிக்க ஏணியேறி வந்து, பறந்த கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். "போன வாரத்துலேருந்து ரெண்டாயிரத்து ஐந்நூறு ஆக்கிட்டோம் சார். அது கிடக்கட்டும். பாடம் ஆரம்பிச்சது ஒண்ணு, இறங்கினது சைபர். பயணிங்க இறங்கணும்னு எதிர்பார்ப்பாங்களே?" என்றார். அவர் இறங்கிப் போனதும் கீழே பார்த்தால், மற்ற பதினெட்டுப் பயிற்சியாளர்களும் கணக்குப் புத்தகத்தோடு ஏணியடியில் மூப்பு வரிசைப்படி நின்றிருந்தார்கள். "போதும்யா, நீ ஏணியில இறங்கு! விமானம் அங்கேயே நிக்கட்டும், எங்க மணி ஏறட்டும்!" என்று தலைமைப் பயிற்சியாளர் கத்தினார்.

இன்னும் நாற்பத்திரண்டு நாள் உட்கார்ந்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு. வாத்தியார் விரல் மடக்கத் தொடங்கியபோது பல் டாக்டர் சொன்னார்: "தம்பி, நாப்பது வருஷம் நாற்காலியில சாய்ஞ்சவங்களைப் பார்த்திருக்கேன். வாயைத் திறக்கறவரைக்கும்தான் பயம். நான் மேல போகக் கத்துக்கிட்டேன். கீழ வர யாரு சொல்லித் தருவா?"

விரல் பாதி மடங்கியபடி நின்றது. இரண்டு மாதமாக அவர் நேரத்தைச் சேர்த்தாரே ஒழிய, பாடத்தை முடிக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஏணியை எடுங்க" என்று கீழே சொன்னார். பிறகு மாணவியிடம்: "விசையைக் குறைங்க டாக்டர். தரையைப் பார்க்காதீங்க, பாதையோட கோடியைப் பாருங்க. மூக்கை மெல்லத் தூக்குங்க... பல் பிடுங்கற மாதிரி இல்ல, பஞ்சு வைக்கற மாதிரி."

விமானம் நகர்ந்தது. சக்கரம் ஒருமுறை துள்ளி, பிறகு உட்கார்ந்தது. பல் டாக்டர் அழுதார். வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதினெட்டுப் பேரும் தலையில் கைவைத்தார்கள்.

விமான நிறுவனம் அவரைக் கடைசிவரை எடுக்கவில்லை. ஆனால் அவர் கையில் ஒப்படைத்த எந்த விமானமும், மாணவர் பயந்தால், முப்பது அடி உயரத்தில் கொஞ்ச நேரம் நின்று, மூச்சு சீரானதும் இறங்குவது வழக்கமாயிற்று. பயந்தவர்கள் எல்லாரும் அவரையே கேட்டு வந்தார்கள். பயப்படாதவர்கள் அதிகம் இல்லாததால் மற்ற பதினெட்டுப் பேரும் முறைபோட்டு விமானம் கழுவினார்கள். பள்ளிக் கால அட்டவணையில் 'நிற்பதற்கு ஐந்து நிமிடம்' என்று ஒரு பத்தி சேர்ந்தது. பின்னால் வரும் விமானங்களுக்குக் கோபுரத்திலிருந்து இப்போதும் சொல்வார்கள்: "வாத்தியார் வண்டி நிக்குது. ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."