கொடிக்கு அனுமதி

ஜெயக்கொடி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவரு மேல கட்சிக் கொடி போர்த்தணும் தம்பி. மாலை, மரியாதை எதுவும் வாணாம்."

கடப்பேரி வீட்டு வாசலில், பெஞ்சின் மேல் அவள் கணவர் துளசிங்கத்தின் உடல் கிடந்தது. விடியற்காலையில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வில்பிரட் அந்த முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

எண்பதில் துளசிங்கம் கட்சிக்காக 'உலைக்களம்' வாரப் பத்திரிகையைத் தொடங்கியபோது, வாத்தியார் வேலையை உதறிவிட்டு உதவி ஆசிரியராகச் சேர்ந்தவர் வில்பிரட். கல்குவாரி வெடியில் செத்தவர்களை 'வேலையை விட்டு ஓடிப்போனவர்கள்' என்று முதலாளிகள் சொல்லிக்கொண்டிருந்த காலம். செத்தவர்களின் பெயர்களைத் துளசிங்கம் முதல் பக்கத்தில் போட்டார். அடியாட்கள் மண்டையை உடைத்தார்கள். பிறகு ஜெயில். வெளியே வந்த அன்றைக்கே தலையங்கம் எழுத உட்கார்ந்த மனுஷன் அவர்.

அப்படிப்பட்டவர் எண்பத்தாறில் நகராட்சித் தேர்தலில் நின்றார். தேர்தலே ஏமாற்று வேலை என்று சொல்கிற கட்சி அவருடையது.

"புரட்சி வர்ற வரைக்கும் குவாரிப் பொம்பளைங்க குடத்தைத் தூக்கிக்கினு ரயில் லைனைத் தாண்டணுமா?" என்று கேட்டார். ஜெயித்தார். குவாரிக் காலனிக்குக் குழாயும் வந்தது. கட்சி அவரை நீக்கியது. அவர் தொடங்கிய பத்திரிகையிலேயே, 'துரோகி' என்று தலைப்புப் போட்டு அந்த அறிவிப்பை எழுதியவர் வில்பிரட்.

அதன் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. சண்முகம் ரோட்டில் எதிர்ப்பட்டால் துளசிங்கம் சிரிப்பார். வில்பிரட் ஏதாவதொரு கடையின் போர்டைப் படிப்பார். இப்படியே ஏழு வருஷம் ஓடிவிட்டது.

நீக்கப்பட்டவருக்குக் கொடி போர்த்த வேண்டுமானால் கட்சிக் கமிட்டியின் மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துக் கேட்க வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. போலீஸ் ஒட்டுக்கேட்ட நாட்களில் துளசிங்கமே போட்ட விதி. மூவரில் வில்பிரட்டும் ஒருவர். மற்ற இருவரைப் பிடிக்க வேண்டும்.

"பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும்னு எங்கண்ணன் நிக்கிறான்" என்றாள் ஜெயக்கொடி.

"அதுக்குள்ள வந்துடுவேன் அண்ணி."

ரயிலேறி சிங்கப்பெருமாள் கோவில் போனார். செயலாளர் ஏகநாதன் ஏதோ கம்பெனி வாசலில் கூட்டம் பேசப் போயிருந்தார். காத்திருந்து விஷயத்தைச் சொன்னதும் ஏகநாதன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு ஆட்சேபணை இல்ல தோழர். சவுரிமுத்துவையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. நாளைக்கு அவரு கேள்வி கேட்டா பேஜாராப் பூடும்."

சவுரிமுத்து இருப்பது பள்ளிக்கரணையில். திரும்பி வந்து தாம்பரத்தில் இறங்கியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மேம்பாலப் படியில் வில்பிரட் நின்றுவிட்டார். மேற்கே இறங்கினால் பத்திரிகை ஆபீஸ். அங்கே பீரோவில் கொடி. எடுத்துக்கொண்டு கடப்பேரிக்குப் போய்ப் போர்த்தினால் யார் கையைப் பிடிக்கப் போகிறார்கள்?

ஆனால், தன்னிச்சையாக முடிவெடுத்தார் என்றுதானே அந்த மனுஷனைத் துரோகி என்று எழுதினோம்? இன்று நானும் அதையே செய்தால், அன்று எழுதியதற்கு என்ன அர்த்தம்?

கிழக்கே இறங்கி பஸ் பிடித்தார்.

சவுரிமுத்து தன் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த டியூபைக் கீழே போட்டார்.

"இத்தக் கேக்கவா இம்மாந்தூரம் வந்தே? போர்த்திட்டு வந்து சொல்லியிருந்தா உன்னைத் தூக்குலயா போட்டிருப்பேன்? துளசிங்கம்யா அது. ஓடு, ஆட்டோவுல ஓடு."

ஆபீசில் கொடியை எடுத்துக்கொண்டு கடப்பேரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெஞ்சைக் கழுவிச் சாய்த்து வைத்திருந்தார்கள். வாசலெல்லாம் ஈரம். உள்ளே ஜெயக்கொடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"தூக்க வுடாம புடிச்சு வெச்சிருந்தேன். வில்பிரட்டு வந்துடுவான், வந்துடுவான்னு சொல்லிக்கினே இருந்தேன். எங்கண்ணன் கண்டபடி ஏசிட்டான்."

"கமிட்டியில கேட்டுட்டு வர நேரமாயிடுச்சு அண்ணி."

"ஒத்துக்கினாங்களா?"

"உடனே ஒத்துக்கிட்டாங்க."

"ஒருத்தரும் வாணாங்கலியா?"

"ஒருத்தரும் சொல்லல."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, அழுது ஓய்ந்த முகம்.

"அப்ப உனக்கு மட்டுந்தான் சந்தேகம்" என்றாள்.

வில்பிரட் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுடுகாட்டை நோக்கி நடந்தார். வழியில் குவாரி ஆட்கள் குளித்த ஈரத்தோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் நின்று கொடியைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

"இப்பத்தான் வர்றியா வாத்தியாரே?"

"ஆமாம்ப்பா" என்றார் வில்பிரட்.