கையளவு எஞ்சினுக்கு ஒரு ப்ளோயர்

பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பது அவள் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. மேசையில் பிளாஸ்டர் பல் அச்சுகளுக்கு நடுவே, கையளவில் ஒரு பெட்ரோல் எஞ்சின் நின்றது. கப்பலில் எஞ்சின் மெக்கானிக்காக இருக்கும் கணவனும் அவளும் போன விடுமுறையில் சேர்ந்து செய்தது. சின்னக் காற்றாடியைச் சுழற்றுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கியது. ப்ளோயர் ஒன்றை வைத்துக் காற்றைத் திணித்தால் வலு வரும். அவன் வருவதற்குள் வைத்துவிட வேண்டுமென்று அவளுக்கு ஒரே பிடிவாதம்.

எந்த ப்ளோயர் என்பதில்தான் நிம்மதி போனது. முதலில் விசிறிச் சக்கரம் வைத்துப் பார்த்தாள். அவ்வளவு சின்னச் சக்கரம் காற்றை அழுத்தப் பேய் வேகத்தில் சுற்ற வேண்டும். சுற்றியது, பேரிங் கருகியது.

டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்க்கும் கொழுந்தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். "அண்ணி, யாரு பல்லை வறுக்கிறீங்க?"

"அடுத்தது உன் நாக்குதான்."

பிறகு, தகடுகள் நீண்டு சுருங்கும் வகை. அவை சுவரை உரசிச் சூடேறிச் சிக்கிக்கொண்டன. சோற்றுக்கு முன் உட்கார்ந்தாலும் எழுந்து போய் அதையே திருகினாள்.

மிச்சம் ஒன்றுதான்: எட்டு வடிவத்தில் இரண்டு உருளைகள் பின்னிச் சுற்றும் வகை. மெதுவாகச் சுற்றினாலும் காற்றைத் தள்ளும். ஆனால் உருளைகள் தொட்டால் இறுகிவிடும். விலகினால் காற்று வந்த வழியே ஓடிவிடும். அந்தப் பயத்தில்தான் இத்தனை நாளும் அதை ஒதுக்கி வைத்திருந்தாள்.

அவள் கடைந்த ஜோடி எங்கேயோ இடித்தது. எங்கே என்று தெரியவில்லை. அரத்தை எடுத்தாள், வைத்தாள். சட்டென்று, பல் செட் எங்கே இடிக்கிறது என்று பார்க்கும் நீல மைத்தாளைக் கிழித்து உருளைகளுக்கிடையே விட்டுச் சுற்றினாள். நீலப் புள்ளி விழுந்தது. அங்கே மட்டும் தேய்த்தாள். மறுபடி மைத்தாள், மறுபடி அரம். கடைசியில் உருளைகள் சத்தமில்லாமல் சுற்றின.

எஞ்சினில் பூட்டி முடிக்கவும் கணவன் வீடியோவில் அழைக்கவும் சரியாக இருந்தது.

"கப்பல் கிளம்பறது தள்ளிப் போயிடுச்சு, நான் ஊருக்கு வர்றதும் தாமதமாகும். கோபமா?"

"அதுக்கெல்லாம் நேரமில்ல. இதைப் பாருங்க."

கொழுந்தன் போனைப் பிடிக்க, அவள் எஞ்சினைக் கிளப்பினாள். காற்றாடி அலறியது. மேசையிலிருந்த பிளாஸ்டர் தூளெல்லாம் பறந்து அப்பி, கொழுந்தன் முகம் வெளுத்தது. அடுத்த நொடி ப்ளோயரின் பெல்ட் கழன்று சுவரில் அடித்தது.

கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் குரல் இறங்கியது. "எல்லாத்தையும் நீயே முடிச்சிடாதடி. இங்க தனியா படுத்துக்கிட்டு நானும் இதையேதான் யோசிக்கிறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. அவனுக்கு வைத்த விருந்தென்றுதான் நினைத்திருந்தாள். அவன் பங்கையும் தானே தின்றது அதுவரை உறைக்கவில்லை.

"பெல்ட்டை நான் தொட மாட்டேன். நீங்க வந்து போடுங்க."

போனை வைத்ததும் பெல்ட்டை டிராயரில் போட்டுப் பூட்டினாள். கையைக் கழுவினாள். ஜன்னல்வரை போய்த் திரும்பினாள்.

"சாவியை நான் வெச்சுக்கட்டுமா, அண்ணி?"

"வெச்சுக்கோ. நான் கேட்டாலும் குடுக்காத."