ஸெனான் எடுத்த பெட்டி

நாரெவ் ஆற்றங்கரை வில்லோ புதர்களுக்கிடையே நான்கு கோடைக்காலம் முழங்கால் சேற்றில் நின்றவள் யாகோடா. இலைகளில் புடைத்திருக்கும் கொப்புளங்களை அவை முற்றியதும் பறித்துவந்து, உள்ளிருக்கும் புழு மண்ணில் கூடு கட்டி மறுவசந்தத்தில் ரம்பப்பூச்சியாக வெளியே வரும்வரை காத்திருப்பாள். சிவப்புக் கொப்புளத்திலிருந்து வந்தது எல்லோருக்கும் தெரிந்த பூச்சி. ரோமம் படர்ந்த பச்சைக் கொப்புளத்திலிருந்து வந்ததோ அதுவரை எவரும் பெயர் வைக்காத இனம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். முட்டையிடுவதற்காக இலையைக் கீறும் பெண்பூச்சியின் ரம்பத்தில், பற்களின் அமைப்பு மட்டும் வேறு.

அவள் கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்த இரண்டு மாதத்தில், அவள் வேலைபார்த்த பூச்சியியல் துறையின் தலைவர் ஸெனான் அவளுடைய அலமாரியைத் திறந்தார். குறிப்பேடும் படங்களும் பூச்சிகள் இருந்த ஒரு பெட்டியும் அவர் மேஜைக்குப் போயின. புதிய இனத்தைப் பற்றிய கட்டுரை அவர் பெயரில் அச்சாகி வந்தது.

"கடைசியில உன் பேரையும் போட்டு நன்றி சொல்லியிருக்கேன், பார்த்தியா?" என்றார், ஊன்றுகோலோடு வந்து நின்றவளிடம்.

"பார்த்தேன் புரொபசர்."

கட்டுரையில் வந்த பூச்சியின் படத்தையும், அதோடு தெரிந்த தன் கையெழுத்துச் சீட்டின் எண்ணையும் பார்த்திருந்தாள். அவசரத்தில் அவர் எடுத்தது சிவப்புக் கொப்புளத்துப் பூச்சிகளின் பெட்டி. அதிலிருந்த ஒன்றையே புதிய இனத்தின் மூல மாதிரியாக அறிவித்திருந்தார். மாதிரி பழைய பூச்சி என்று தெரிந்தால் அவர் வைத்த பெயரும் செல்லாது. யாகோடா வாயைத் திறக்கவில்லை.

மூன்று வருடத்தில் ஸெனானுக்குப் பதக்கம் கிடைத்தது, இயக்குநர் பதவி கிடைத்தது. தொடக்கத்திலேயே கிங்கா என்ற ஆராய்ச்சி மாணவி அவரிடம் சேர்ந்து, அந்தப் பூச்சியைப் பற்றியே முனைவர் பட்டத்துக்கு எழுதத் தொடங்கினாள்.

வார்சாவில் நடந்த பெரிய மாநாட்டில் அவர் பேசி முடித்ததும் யாகோடா எழுந்தாள்.

"மாதிரியோட ரம்பத்தைக் கொஞ்சம் திரையில காட்டுங்களேன்."

"இப்ப அது எதுக்கு?"

"எல்லாரும் பார்க்கட்டும்னுதான்."

ஸெனான் காட்சிக்குக் கொண்டுவந்திருந்த பெட்டியில், அந்த மாதிரியின் ரம்பத்தை வைத்து யாகோடாவே தயாரித்த கண்ணாடித் தகடு இருந்தது. ப்ராகிலிருந்து வந்திருந்த நிபுணர் அதை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். திரையில் பற்கள் தெரிந்தன. அவர் ஒருமுறைக்கு இருமுறை உற்றுப் பார்த்தார்.

"இது நூறு வருஷமா நமக்குத் தெரிஞ்ச பூச்சியாச்சே" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நடைவழியில் ஸெனான் அவளை மறித்தார். முகம் வெளுத்திருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அச்சான அன்னைக்கே."

"மூணு வருஷமா வாயை மூடிட்டு இருந்தியா?"

"நீங்க இன்னும் கொஞ்சம் மேல ஏறட்டும்னு இருந்தேன். அப்பவே சொல்லியிருந்தா தடுக்கி விழுந்தவர் மாதிரி தூசியைத் தட்டிட்டு எழுந்து போயிருப்பீங்க."

அன்று யாகோடா இரண்டு தட்டு பியெரோகிக் கொழுக்கட்டை சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளமும் ருசித்தது. அப்போதுதான் கிங்கா வந்து எதிரில் உட்கார்ந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அந்தாள் பண்ணது திருட்டுதான். ஆனா என் மூணு வருஷ வேலை? தினம் என்கூடத்தானே காபி குடிச்சீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லியிருந்தா அவர் காதுக்குப் போயிருக்கும்."

"அதனால?"

யாகோடா தட்டை ஓரமாகத் தள்ளினாள். கிங்கா எழுந்து போனாள். அதன்பிறகு யாகோடாவை எங்கே பார்த்தாலும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுவருடம் பச்சைக் கொப்புளத்துப் பூச்சிக்கு யாகோடா பெயர் வைத்தாள். ஸெனான் பதவியை விட்டு ஒதுங்கினார். அவரை அப்படி விழவைத்ததற்கு அவள் ஒரு நாளும் வருந்தவில்லை. கிங்காவுக்கு மட்டும் நான்கு முறை கடிதம் எழுதத் தொடங்கினாள், ஒன்றையும் முடிக்கவில்லை.