தாம்பாளத்துப் போர்வை

பூமயில் நாலு நாள் உட்கார்ந்து தைத்தது ஒரே ஒரு கட்டம்தான். சாயல்குடிக்குப் பக்கத்திலிருந்த அவள் ஊரில், மகளிர் தினத்துக்காகக் குழுப் பெண்கள் நாற்பது பேரும் பழைய சேலைத் துணியில் ஆளுக்கொரு கட்டம் தைத்து, ஒரே போர்வையாக இணைத்திருந்தார்கள். பெண்ணாய்ப் பிறந்து பட்டதை எழுதலாம், தைத்தவள் பெயர் வேண்டாம் என்று ஏற்பாடு. பூமயில் மகளின் பெயரைத் தைத்தாள்: ‘பானுப்பிரியா, பத்தாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை கல்யாணம். நிறுத்துங்க.’

போலீசுக்குப் போனில் சொன்னால் புருஷன் கண்டுபிடித்துக் கொன்றே போடுவான். நாற்பது ஊசியில் எந்த ஊசி என்று எவனுக்குத் தெரியும்? ராமநாதபுரத்திலிருந்து வரும் அதிகாரி அம்மா மேடையில் போர்வையை விரித்துப் படிப்பார், அது போதும் என்று நம்பியிருந்தாள்.

மகளிர் தினமென்று பேர்தான். மேடை நிறைய வேட்டிகள். ஊராட்சித் தலைவி மகேஸ்வரி ஓரத்து நாற்காலியில் இருந்தாள். அவள் புருஷன் வீரையா நடுவில் இருந்தார். பானுப்பிரியாவைக் கட்டப்போகும் மாப்பிள்ளைக்குத் தகப்பன் அவர்தான். அழைப்பிதழில் பெயர் இல்லாத மனிதர் என்பதால் அவருக்குப் பொன்னாடை வாங்கவில்லை.

குழுத் தலைவி முருகேஸ்வரிக்கு வேர்த்துவிட்டது. அவரை வெறுந்தோளாய் உட்காரவைத்துவிட்டு இந்த ஊரில் நாளைக்குத் தண்ணீர் பிடிக்க முடியுமா? தாம்பாளத்தில் மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்து, மடிப்புக் கலையாமல் அவர் தோளில் போர்த்தினாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

போர்த்தியதைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் இந்தச் சீமையில் கிடையாது. ஓடிப்போய்ப் பிடுங்கத்தான் பூமயிலுக்கு மனசு துடித்தது. புருஷன் மூன்றாவது வரிசையில் இருந்தான். அவளும் கைதட்டினாள்.

அதிகாரி அம்மா சமத்துவம் பற்றிப் பத்து நிமிஷம் பேசிவிட்டு, நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனார்.

சாயங்காலம் வீரையா போர்வையோடு பூமயிலின் வீட்டுக்கே வந்து, அந்தக் கட்டத்தை விரித்துக் காட்டினார்.

“சம்பந்தி, எவளோ நம்ம கல்யாணத்தக் கெடுக்கப் பாக்குறா. வெள்ளி வரைக்கும் வேணாம். விடியக்காலையில கோயில்ல வச்சு முடிச்சிருவோம்.”

“சரிங்க,” என்றான் புருஷன். பூமயிலை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள்மேல் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

விடியுமுன் மகளுக்குத் தலை பின்னிவிட்டாள்.

“எம்மா, எனக்காகத் தச்சது யாரும்மா?” என்று கேட்டாள் பானுப்பிரியா.

வாசலில் புருஷன் செருமினான்.

“தெரியலடி,” என்றாள் பூமயில்.