கண் திறந்திருக்கும் படம்

பிஸ்கட் டப்பாவில் இருந்த போட்டோக்களைக் கசுமி பாயில் கவிழ்த்தபோது, ஈமச்சடங்குக் கம்பெனி ஹோரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு போதும்மா. முகம் தெரியணும், கண்ணு திறந்திருக்கணும். சாயங்காலத்துக்குள்ள குடுத்தீங்கன்னாத்தான் பெரிசு பண்ணி, ஃப்ரேம் போட்டு, நாளைக்குப் பூவுக்கு நடுவுல வைக்க முடியும்."

கேட்டது நியாயம்தான். ஆனால் அந்த வீட்டில் அது நடக்கிற காரியமில்லை. கல்யாணப் போட்டோவில் அப்பா கண்ணை மூடியிருந்தார். மகன் பள்ளியில் சேர்ந்த நாளில், மரத்தடியில், கண்ணை மூடியிருந்தார். சலவைக் கடை திறப்பு விழாவில் ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க, முதலாளியான அவர் மட்டும் நின்றபடியே தூங்குகிற மாதிரி இருந்தார்.

"டிரைவிங் லைசென்ஸ்ல இருக்கிற படம்?"

"ஓட்டத் தெரியாது."

ஹோரி அடுத்த அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். நடுக்கதவு திறந்தே இருந்தது. வழக்கப்படி வடக்கே தலை வைத்து, முகத்தில் வெள்ளைத் துணியோடு அப்பா படுத்திருந்தார். விடிகாலையில் ஆஸ்பத்திரியில் இறந்தவரை எட்டு மணிக்கெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தாகிவிட்டது. இப்போதும் கண்ணை மூடித்தான் இருந்தார்.

"அவருக்கு அது தொழில் புத்தி," என்றாள் தனிகுச்சி அக்கா, கேட்காமலே. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குள் சாவு நுழைவதற்கு முன்னால் தனிகுச்சி அக்கா நுழைந்திருப்பாள். தெருச் சங்கத் தலைவரின் மனைவி என்பதால் அது கடமையாகவும் ஆகிவிட்டது. "சின்ன வயசுல டோக்கியோல டிவி நாடகத்துல நடிச்சாரு. பிணமா."

"பிணமாவா?"

"வாராவாரம் பிணம். அதுலதான் பேரே வாங்கினாரு. பேரு போட மாட்டாங்க, அது வேற விஷயம்."

அது உண்மைதான். 'வெண்கையுறைத் துப்பறிவாளர்' என்று ஒரு தொடர் அந்தக் காலத்தில் ஓடியது. நாயகன் குரோசு, வெள்ளை சூட்டும் வெள்ளைக் கையுறையுமாக, மழையிலும் சேறு படாமல் நடப்பார். பிணத்தின் பக்கத்தில் நின்று, கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றிக்கொண்டே, "பிணம் பொய் சொல்லாது," என்பார். பிறகு கையுறையைக் குற்றவாளியின் முகத்தில் வீசுவார். அவன் காரில் தப்பி ஓடுவான். மாதம் ஒருமுறை அதே கார், அதே பாறையிலிருந்து, அதே கடலில் விழும்.

பிணம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் மீசை, ஒரு வாரம் மொட்டைத் தலை. ஒரு வாரம் கிமோனோவில், முதுகு மட்டும் தெரிகிற பணக்காரச் சீமாட்டி. எல்லாம் அப்பாதான். கேமராவைப் பார்த்த பிணத்துக்கு அடுத்த வாரம் வேலை கிடையாது என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டம் அவர் இமைகளில் ஏறி, டோக்கியோவை விட்டுச் சொந்த ஊரான ஹிமிக்கே திரும்பி வந்த பிறகும் இறங்கவில்லை. எதிரே யார் கேமராவைத் தூக்கினாலும் செத்துப்போவார்.

ஏன் திரும்பி வந்தார் என்பதற்கு எங்கள் தெருவில் மூன்று காரணங்கள் இருந்தன. நடிகையோடு தொடுப்பு, குதிரைப் பந்தயம், நுரையீரல். எதற்கும் ஆதாரம் கிடையாது. அதனாலேயே மூன்றும் நீடித்தன.

"அப்ப அந்த நாடகத்துலேயே தேடலாமே," என்றார் ஹோரி.

"அதுலதான் செத்துக் கிடக்கிறாரே," என்றாள் தனிகுச்சி அக்கா.

 அந்தத் தொடர் கசுமிக்கு மனப்பாடம். பழைய தொடர்களை மெல்லிய புத்தகமும் டிவிடியுமாகப் புத்தகக் கடையில் பகுதி பகுதியாக விற்கத் தொடங்கியபோது அப்பாதான் முதல் ஆளாகப் போய்ப் பேர் கொடுத்தார். அம்மா இறந்த வருஷம் அது. கனஸாவாவில் பல் ஆஸ்பத்திரியில் வேலையாக இருந்த கசுமி, துக்கம் முடிகிற நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு வரைக்கும் என்று வந்தாள். அண்ணன் நோபுஹிரோ, "அப்புறம் பார்த்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு ஒசாகாவுக்கு ரயில் ஏறினான். பார்த்துக்கொண்டே பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

தினமும் சாப்பாடு முடிந்ததும் குரோசு வருவார். அப்பா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்பப் பாரு, நான் வருவேன்," என்பார். வந்து, கிடப்பார். பாத்திரம் கழுவ அவள் எழுந்தால் திட்ட மாட்டார். படத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார், அவ்வளவுதான். பாதி கழற்றிய கையுறையோடு குரோசுவும், கத்தி குத்திய முதுகோடு இளவயது அப்பாவும், அவள் வந்து உட்காரும் வரை அப்படியே இருப்பார்கள். எத்தனை மெதுவாகக் கழுவினாலும் பாத்திரம் தீர்ந்துவிடும்.

"டீ கிடைக்குமா கசுமி?" வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்த நோபுஹிரோ உள்ளே வந்தான். "கோயில்ல பேசிட்டேன். அக்கா, நீங்கதான் கொஞ்சம் தெருவுல எல்லாருக்கும் சொல்லணும். வீட்டை விக்கிறதெல்லாம் இல்ல. கசுமி இருக்காளே, பூஜை மாடத்தை அவ பார்த்துப்பா."

"அவளை விட்டா வேற யாரு," என்றாள் தனிகுச்சி அக்கா. "நான் அப்பவே சொன்னேன்."

"நாப்பத்தொம்பது நாள் வரைக்கும் எப்படியும் இருப்ப இல்ல?" என்று அவன் தங்கையைக் கேட்டான். பதிலுக்கு இடம் விடவில்லை. "அப்புறம் பார்த்துக்கலாம்."

கசுமியின் ஏப்ரன் பையில் போன் இருந்தது. கனஸாவாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சிநேகிதி யாசுயே போன வாரம் அனுப்பிய செய்தி அதில் இருந்தது. கடைக்கு ஆள் வேண்டும், மாடி அறையும் காலியாக இருக்கிறது, வசந்தம் வரை யாருக்கும் தர மாட்டேன், வருகிறாயா இல்லையா என்று சொல். வருகிறேன் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. இன்னும் அப்படியே கிடந்தது.

அவள் எழுந்து டிவி அலமாரிக்குப் போனாள். வரிசையின் கடைசியில் ஒரு டிவிடி மட்டும் கண்ணாடித்தாள் பிரிக்காமல் இருந்தது. ஒருநாள் அதை எடுத்தபோது அப்பா, "அது நல்லா இருக்காது," என்றார். அவருக்கே பிடிக்காத ஒன்று அந்தத் தொடரில் இருக்கிறதா என்று அவளுக்கு அன்றைக்கு ஆச்சரியம்.

கண்ணாடித்தாள் நகத்துக்கு அகப்படவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தாள்.

"டீ கேட்டேனே," என்றான் நோபுஹிரோ.

"இருண்ணா."

திரையில், மீன் கிடங்கில் கொலை. பெட்டிகளுக்கு நடுவே அப்பா மல்லாந்து கிடந்தார். மீசை இல்லை, ஒட்டுத்தாடி இல்லை. நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் ரத்தம், தக்காளிச் சாறு மாதிரி. முதன்முறையாக அவருடைய சொந்த முகத்தைத் திரை முழுக்கக் காட்டினார்கள்.

"அடேயப்பா, என்ன அழகு," என்றாள் தனிகுச்சி அக்கா. "அந்த நடிகை கதை பொய்யா இருக்காது."

குரோசு வந்தார். ஒரு கையுறையைக் கழற்றினார். கடல், மனித மனம், தாயின் கண்ணீர் என்று பேசத் தொடங்கினார். நிறுத்தவில்லை. தன் குரல் தனக்கே பிடித்துப்போனவர் மாதிரி அடுத்த கையுறைக்கும் போனார். கேமரா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே கிடந்தவர் முகத்திலேயே நின்றது. மார்பு அசையவில்லை. கழுத்து நரம்பு மட்டும் மெல்லப் புடைத்து வந்தது.

"இவன் எப்ப முடிப்பான்?" என்றார் ஹோரி, தன்னை மறந்து.

"பிணம் பொய் சொல்லாது," என்றார் குரோசு.

அப்போது பிணம் மூச்சு இழுத்தது. சட்டைப் பொத்தான்கள் மேலே எழும்பின. கண்கள் திறந்தன. நேராகக் கேமராவைப் பார்த்தார், குளத்துக்குள் இருந்து தலையைத் தூக்கியவர் மாதிரி. அந்த மூச்சு இறங்கியதும் கார் பாறையிலிருந்து கடலில் விழுந்தது.

கேமராவைப் பார்த்த பிணத்துக்கு அடுத்த வாரம் வேலை கிடையாது. எங்கள் தெருவின் மூன்று காரணங்களும் அங்கே அந்தப் பாயில் செத்துக் கிடந்தன. தனிகுச்சி அக்காவுக்குத்தான் அதிக துக்கம்.

"இது," என்றாள் கசுமி.

"எது?" நோபுஹிரோ திரும்பினான். "இந்த மூஞ்சியவா? ரத்தமா வழியுது. எழுபத்தொம்பது வயசுல போன மனுஷனுக்கு இருபத்தெட்டு வயசுப் படம் வச்சா வர்றவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"எங்க மாமியாருக்கு வச்ச படத்துல அவங்களுக்குப் பல்லெல்லாம் இருந்துச்சு," என்றாள் தனிகுச்சி அக்கா. "யாரு சிரிச்சா?"

நோபுஹிரோ ஹோரியைப் பார்த்தான்.

"ரத்தத்தை எடுத்துடலாம் சார்," என்றார் ஹோரி. "மூடின கண்ணைத்தான் எங்களால திறக்க முடியாது."

நோபுஹிரோ பெருமூச்சு விட்டான். "சரி. வச்சுத் தொலைங்க. அப்புறம் இதைப் பூஜை மாடத்துக்கு மேல மாட்டிடு கசுமி. தினம் பார்க்கப் போறவ நீதானே."

"நாப்பத்தொம்பது நாள் பார்ப்பேன்," என்றாள் கசுமி. டிவிடியைப் பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தாள். கடலிலிருந்து கார் பாறைக்கு ஏறிக்கொண்டிருந்தது. "அம்பதாம் நாள் இருக்க மாட்டேன்ணா. கனஸாவா போறேன்."

"போய்?"

"வேலைக்கு."

"அப்ப இந்த வீடு? மாடம்? யாரு தினம் விளக்கேத்துறது?"

 அவன் தனிகுச்சி அக்கா பக்கம் திரும்பினான். அவள், வாழ்நாளில் முதல் தடவையாக, கேட்காதவள் மாதிரி பாயிலிருந்த போட்டோக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்பது அவள் முதுகிலேயே எழுதியிருந்தது.

ஹோரி டேப்லெட்டைத் தூக்கித் திரைக்கு நேரே பிடித்தார். "கண்ணு திறக்கிற இடத்துல நிறுத்துங்கம்மா."

முதல் தடவை முந்திவிட்டாள், கண் மூடியிருந்தது. அடுத்த தடவை கார் வந்துவிட்டது. மறுபடி ஓட்டினாள். ரிமோட்டின் நிறுத்தும் பொத்தான் தேய்ந்து, எழுத்து அழிந்து, அப்பாவின் கட்டைவிரல் அளவுக்குக் குழிந்திருந்தது. அந்தக் குழியில் தன் விரலை வைத்துக் காத்திருந்து அழுத்தினாள். மார்பு பாதி எழும்பிய நிலையில் அப்பா நின்றார். கண்கள் திறந்திருந்தன.

ஹோரி எடுத்தார். சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து, டேப்லெட்டிலேயே நெற்றியில் இருந்த ரத்தத்தை விரல்நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைக்கத் தொடங்கினார்.

"கன்னத்துலயும் இருக்கு," என்றாள் கசுமி.

"எடுத்துடுறேன்மா."

சமையலறையில் கெட்டில் வைக்க நோபுஹிரோவே எழுந்து போனான். டீத்தூள் டப்பா எது என்று தெரியாமல் அவன் ஒவ்வொரு மூடியாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. கசுமி சொல்லப் போகவில்லை. திரையில் அப்பா இன்னமும் பாதி மூச்சில் நின்றுகொண்டிருந்தார். அவள் பொத்தானை மறுபடி அழுத்தினாள். சட்டைப் பொத்தான்கள் முழுசாக மேலே எழும்பி, மெதுவாகக் கீழே இறங்கின.